நென்கின்: 'பென்ஷன்' என்பதற்கான ஜப்பானியச் சொல்லை வேரோடு கற்க

அப்பா பென்ஷனில் வாழ்கிறார் என்பதை நான் ஜப்பானிய மொழியில் முதன்முதலாகச் சொல்லிப் பார்த்தது அலுவலகத்து மதிய உணவு மேசையில். பஸ் 'பஸு' ஆகிறது, கேக் 'கேகி' ஆகிறது, டெலிவிஷன் 'தெரெபி' ஆகிறது. பென்ஷன் மட்டும் 'பென்ஷொன்' ஆகாமல் எங்கே போய்விடும் என்ற தைரியத்தில், 'ச்சிச்சி வா பென்ஷொன் தெ குராஷிதெ இமாசு' என்றேன். (ச்சிச்சி என்றால் தந்தை. நம் காதுக்கு எப்படி விழுந்தாலும் அங்கே மரியாதையான சொல்தான்.) எதிரே இருந்த அம்மையார் முகம் மலர்ந்து, மலைப்பக்கமா, பனிச்சறுக்கு மைதானம் அருகில் உண்டா, எத்தனை அறை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பென்ஷொன் என்ற சொல் ஜப்பானில் இருக்கிறது, பொருள்தான் வேறு. ஒரு குடும்பமே நடத்தும், காலையும் இரவும் சாப்பாடு போடும், ஐரோப்பிய பாணிச் சிறு விடுதிக்கு அந்தப் பெயர். நாகானோவில் ஹகுபா, யாமானாஷியில் கியோசாதோ போன்ற மலை ஊர்களில் இவற்றை நிறையப் பார்க்கலாம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஓய்வுக்காலப் பணம், தங்கிச் சாப்பிடும் இடம் என இரண்டு பொருளும் உண்டு. பணம் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. தங்குமிடம் ஜப்பானுக்குப் போனது. ஆக நான் சொன்னது, அப்பா விடுதியில் குடியிருக்கிறார் என்று.

நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் நென்கின். மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைப் பிழையில்லாமல் பயன்படுத்த, நம் மனதில் 'பென்ஷன்' என்று இருக்கும் படத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

படி 1: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

நென்கின் இரண்டு கான்ஜி (சீனாவிலிருந்து வந்த எழுத்து) எழுத்துகளால் ஆனது. முதலாவது 'நென்', ஆண்டு. ஆறு கோடுகளில் எழுதுவது. அடுத்தது 'கின்', தங்கம் அல்லது பணம். எட்டுக் கோடுகள், மேலே கூரை போட்ட குட்டி வீடு போல இருக்கும். இரண்டுமே ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கற்கும் எழுத்துகள். ஆரம்பநிலை படித்தவருக்கு இவை ஏற்கெனவே தெரிந்திருக்கும், சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

நேராகத் தமிழாக்கினால் 'ஆண்டுப் பொன்'. நாமும் பொன் என்ற ஒரே சொல்லைத் தங்கத்துக்கும் காசுக்கும் வைத்திருந்தவர்கள்தானே. கையில் இருக்கும் ரொக்கம் கென்கின், வரி ஸேகின், சேமிப்பு ச்சொகின், கட்டணம் ர்யோகின், பணி ஓய்வில் மொத்தமாகத் தரும் தொகை தாய்ஷொகுகின். இந்தக் குடும்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் வால் 'கின்' என்று முடியும் புதுச் சொல் எதைக் கண்டாலும் பண விவகாரம் என்று பிடிபடும். (கென்கின் என்பதில் முதல் எழுத்து 'கோவிந்தன்' என்பதில் வருவது போல அதிர்ந்து ஒலிக்கும்.) வெள்ளிக்கிழமையும் 'கின்யோபி', பொன் நாள். வெள்ளி என்ற கோளுக்கு அங்கே பெயர் கின்ஸே, பொன் விண்மீன். ஒரே கோளை நாம் வெள்ளி என்கிறோம், அவர்கள் பொன் என்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். ஓய்வூதியம் என்ற நம் சொல்லில் ஓய்வு இருக்கிறது, ஊதியம் இருக்கிறது. வேலை பார்த்தார், ஓய்ந்தார், அதற்கான பணம் வருகிறது என்ற கதை முழுவதும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆண்டுப் பொன்னில் அந்தக் கதையே இல்லை. வேலையும் இல்லை, முதுமையும் இல்லை. அதனால்தான் உடல் ஊனமுற்ற 25 வயது இளைஞர் பெறுவதும் நென்கின், கணவரை இழந்த மனைவி பெறுவதும் நென்கின், இருபது வயதில் கட்ட ஆரம்பிக்கும் திட்டமும் நென்கின்.

படி 2: வாயில் வரவழைப்பது

எழுத்தில் நான்கு அடி: நெ-ன்-கி-ன். மெய்யெழுத்து 'ன்' கூட ஒரு முழு அடி வாங்கும். கை தட்டி எண்ணினால் நான்கு தட்டு வர வேண்டும். நாம் அவசரத்தில் இரண்டு தட்டில் முடித்துவிடுவோம். முதல் அடி தாழ்ந்து, மற்ற மூன்றும் உயர்ந்து அப்படியே சமமாகப் போகும். முதல் எழுத்தை அழுத்திச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

க-வுக்கு முன்னால் வரும் அந்த ஒலி உண்மையில் 'ங்'. இது நமக்குப் பிறவியிலேயே வரும், ஆனால் கூடவே ஒரு வம்பும் வரும். தங்கம், பங்கு, மாங்காய் என எங்கே ங் வந்தாலும் அடுத்த க அதிர்ந்துவிடும் நமக்கு. ஜப்பானிய மொழியில் இங்கே க அதிரக் கூடாது. 'டேங்கர் லாரி' என்னும்போது வருகிறதே, அந்த வறண்ட க. அதை நினைத்துக்கொண்டு சொன்னால் சரியாக வரும்.

இன்னொரு வம்பு புணர்ச்சி. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்கு இயல்பு. 'நென்கின்' என்பதோடு இரண்டாம் வேற்றுமை போன்ற 'ஓ' சேர்ந்தால் 'நென்கினோ' என்று ஓட்டிவிடுவோம். அங்கே அது ஒட்டாது. கடைசி ன்-னில் நாக்கு மேலே தொடாமல் மூக்கிலேயே நிறுத்தி, பிறகு ஓ. இந்த ஒன்றை மட்டும் நூறு தடவை சொல்லிப் பழகினாலும் வீணில்லை. கொன்யா, ஹொன் என்று ன் வரும் எல்லாச் சொல்லுக்கும் இது உதவும்.

படி 3: பணம் எந்தப் பக்கம் போகிறது என்று வினைச்சொல்லைக் கேளுங்கள்

தமிழில் 'பென்ஷன்' என்றாலே வருகிற பணம். கட்டுகிற பணத்துக்கு பி.எஃப். என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம். ஜப்பானியர் இரண்டையும் நென்கின் என்றே சொல்வார்கள். எனவே 22 வயதுப் பையன் 'நென்கின் தகாய் யொ' என்று அலுத்துக்கொண்டால் அவனுக்குப் பென்ஷன் வருகிறது என்று வியக்க வேண்டாம். கட்டுகிற தொகை அதிகமாக இருக்கிறது என்று புலம்புகிறான்.

கட்டுவதற்கு வீட்டுப் பேச்சில் 'ஹராஉ'. 'மாய்த்ஸுகி நென்கின் ஓ ஹரத்தெ இமாசு' என்றால் மாதாமாதம் கட்டி வருகிறேன். அரசுக் கடிதத்திலும் அலுவலர் வாயிலும் அதே செயல் 'ஒஸமெரு' ஆகிவிடும். நாம் வீட்டில் வரி கட்டுகிறோம், ரசீதில் வரி செலுத்துகிறோம், அதே வேறுபாடு. பெறுவதற்கு 'மொராஉ', கொஞ்சம் முறையாக 'உகெதொரு', பணிவு காட்ட 'இததகு'. தன் பென்ஷனைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் பலர் 'நென்கின் ஓ இததாய்தெ இமாசு' என்று அந்தப் பணிவான சொல்லைப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். திட்டத்தில் சேர்ந்திருப்பது 'ஹாய்ரு', நுழைதல். 'நென்கின் நி ஹாய்த்தெ இமாசு கா?' என்று வேலைக்குச் சேரும்போது கேட்பார்கள். இங்கே 'ஓ' வராது, 'நி' வரும். திட்டத்துக்குள் நுழைகிறோம் அல்லவா.

பென்ஷனில் வாழ்வதற்கு 'நென்கின் தெ குராசு'. நான் அன்று விழுந்த குழி இந்த 'தெ'தான். நம் 'இல்' போலவே அது இடத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். சென்னையில் வாழ்கிறார், பென்ஷனில் வாழ்கிறார் என இரண்டுக்கும் ஒரே உருபு. சரியான பெயர்ச்சொல் போட்டிருந்தால் மீதி வாக்கியம் முழுக்கச் சரி. இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'நென்கின் குராஷி', செய்தித்தாளில் தினம் வருவது. தொடரில் இரண்டாம் சொல்லின் முதல் க மட்டும் அதிர்ந்து ஒலிக்கும்.

கட்டாமல் விட்டது 'மினோ'. பாக்கி ஏறிக்கொண்டே போவது 'தாய்னோ'. அனுமதி வாங்கிக் கட்டாமலிருப்பது 'மென்ஜொ'. மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். வருமானம் குறைவு என்று விண்ணப்பித்து முழு மென்ஜொ கிடைத்தால் அந்த மாதங்களுக்குப் பாதி அளவு பின்னாளில் கணக்கில் சேரும். மினோ என்றால் சேருவது பூஜ்யம். செய்தது ஒன்றுதான், பணம் கட்டவில்லை. ஆனால் ஒரு தாள் எழுதிக் கொடுத்ததால் சொல்லும் மாறுகிறது, கணக்கும் மாறுகிறது.

படி 4: முன்னால் ஒட்டுபவை

தமிழ் போலவே இங்கும் அடை முன்னே, பெயர் பின்னே. நென்கின் கடைசியில் நிற்கும், வகை முன்னால் வந்து ஒட்டும்.

'கொகுமின் நென்கின்', குடிமக்கள் பென்ஷன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1982 முதல் இதில் நாட்டினப் பாகுபாடு கிடையாது. ஜப்பானில் குடியிருக்கும் 20 வயது முதல் 60 வயது நிறையும் வரையுள்ள எல்லோரும் இதற்குள் வருவார்கள், வெளிநாட்டு மாணவர் உட்பட. சட்டம் 1959-இல் வந்தது, எல்லோருக்குமான கட்டாயத் திட்டமாக 1961 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனியாகக் கட்டுபவருக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் மாதம் 17,510 யென். நாற்பது ஆண்டு விடாமல் கட்டியவருக்கு அதே ஆண்டின் முழுத்தொகை மாதம் 69,308 யென்.

'கோஸே நென்கின்', நிறுவன ஊழியருக்கானது. சம்பளச் சீட்டில் நம் கண்ணில் படுவது இதுதான். விகிதம் 18.3 சதவீதம், பாதி முதலாளி, பாதி நாம். கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 3,00,000 யென் என்றால் நம் பக்கம் 27,450 யென் பிடிப்பார்கள். சீட்டில் 'கோஸே நென்கின் ஹொகென்ர்யோ' என்று நீளமாக இருக்கும், அல்லது இடம் போதாமல் 'கோஸே நென்கின்' என்று மட்டும். ஹொகென் காப்பீடு, ர்யோ கட்டணம்.

இவ்விரண்டையும் ஜப்பானியர் மாடி வீடாகப் பார்க்கிறார்கள். கொகுமின் நென்கின் 'இக்காய்', கோஸே நென்கின் 'நிகாய்', நிறுவனமே தனியாகத் தரும் 'கிக்யோ நென்கின்' இருந்தால் அது 'ஸன்காய்'. இக்காய் என்பது நம் கணக்கில் தரைத்தளம். கோஸே கட்டுபவர் கொகுமினுக்குத் தனியாகக் கட்டத் தேவையில்லை, தரைத்தளம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இது தெரியாமல் இரண்டும் கட்ட வேண்டுமோ என்று பயந்தவர்களில் நானும் ஒருவன்.

எதற்காகப் பெறுகிறோம் என்பதைச் சொல்ல இன்னொரு வரிசை உண்டு. முதுமைக்கு 'ரோரே நென்கின்', உடற்குறைக்கு 'ஷோகாய் நென்கின்', இறந்தவரின் குடும்பத்துக்கு 'இஸொகு நென்கின்'. காப்பீட்டு நிறுவனத்தில் நாமே வாங்கிக்கொள்வது 'கொஜின் நென்கின்'.

பழைய கதைகளிலும் முதியோர் பேச்சிலும் 'ஒன்க்யூ' என்ற சொல் தட்டுப்படும். போர்வீரர், பழைய அரசு அலுவலர் ஆகியோருக்கு அரசு தந்தது. அதில் முதல் எழுத்துக்கு நன்றிக்கடன், அருள் என்று பொருள். பேரரசு மனமுவந்து தருகிற தொகை என்ற வாசனை அதில் உண்டு. நென்கினில் அந்த வாசனை இல்லை, நாம் கட்டியதற்கு நமக்கு வருவது.

படி 5: பின்னால் ஒட்டுபவை

'நென்கின் ஜிமுஷொ' நீங்கள் நேரில் போகும் அலுவலகம். அதற்கு மேலே 'நிப்பொன் நென்கின் கிகோ', 2010 ஜனவரியில் தொடங்கிய அமைப்பு. 'நென்கின் தெச்சோ' சிறு கையேடு, 2022 ஏப்ரலில் வழக்கொழிந்தது. இப்போது சேருபவருக்கு எண் அச்சிட்ட ஒரு தாள்தான். பத்து இலக்க எண், 'கிஸோ நென்கின் பங்கோ' என்பார்கள். பழைய ஊழியர் பேச்சில் மட்டும் தெச்சோ இன்னும் உயிரோடு இருக்கிறது. பென்ஷன் கணக்கில் விழும் நாள் 'நென்கின் ஷிக்யூபி': இரட்டைப்படை மாதங்களின் 15-ஆம் தேதி, இரண்டு மாதத் தொகை சேர்த்து. அன்று விடுமுறையாக இருந்தால் முந்தைய வேலைநாளில்.

ஆண்டுதோறும் பிறந்த மாதத்தில் வரும் தபால் 'நென்கின் தேகிபின்'. இதில் நென்கின் என்பதைக் கான்ஜியில் எழுதாமல் குழந்தைகள் எழுதும் ஹிராகானாவில் எழுதியிருப்பார்கள், மென்மையாகத் தெரியட்டும் என்று. அந்த மென்மைக்குப் பின்னால் ஒரு பெரிய கலவரம் இருக்கிறது. 2007-இல் யாருடையது என்று தெரியாத கட்டணப் பதிவுகள் சுமார் 5 கோடி இருப்பது வெளியே வந்தது. வேலை மாறும்போதெல்லாம் புது எண் கொடுத்தது, காகிதத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது பெயரைத் தப்பாக வாசித்தது எனக் காரணங்கள் பல. நாடே கொதித்தது. அந்த ஜூலை மேலவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது, பென்ஷனைக் கவனித்துவந்த பழைய துறையும் கலைக்கப்பட்டது. 'கியெதா நென்கின்', மாயமான பென்ஷன், என்ற தொடர் அப்போது பிறந்தது. உன் கணக்கை நீயே சரிபார் என்று 2009-இலிருந்து தேகிபின் அனுப்புகிறார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம். ஜப்பானியப் பெயரையே தப்பாகப் படித்தவர்கள் நம் பெயரை என்ன செய்வார்கள்? அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியலை விரிக்கலாமா, 'ழ' எப்படி என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி கதாகானாவில் (அயல்பெயர்களுக்கான எழுத்து) எழுதிவிடாதீர்கள். முதல் நாள் குடியிருப்புப் பதிவில் எப்படி எழுதினீர்களோ அதையே வங்கி, நிறுவனம், பென்ஷன் மூன்றிலும் எழுத்துக்கெழுத்து வையுங்கள்.

படி 6: செய்தியைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள்

குரியாகெ, குரிசாகெ. முன்னால் இழுப்பது, பின்னால் தள்ளுவது. பென்ஷன் 65 வயதில் தொடங்குவது வழக்கம். 60-இலிருந்தே கேட்டால் குரியாகெ, முன்னால் வரும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.4 சதவீதம் குறையும். தள்ளிப்போட்டால் குரிசாகெ, மாதத்துக்கு 0.7 சதவீதம் கூடும், 75 வரை தள்ளலாம், அப்போது 84 சதவீதம் கூடுதல். ஆகெரு உயர்த்துவது, ஸகெரு தாழ்த்துவது என்று படித்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும், உயர்த்தினால் குறைகிறது, தாழ்த்தினால் கூடுகிறது. உயர்வது தொகையல்ல, நாள்காட்டியில் தேதி மேலே ஏறுகிறது. நினைவில் வைக்க எனக்கு உதவியது இதுதான்.

'ரோகொ', முதுமைக்காலம், எப்போதும் நென்கினோடு கைகோர்த்து வரும். 2019-இல் நிதிச் சேவைகள் முகமையின் குழு ஒன்று, ஓய்வுபெற்ற தம்பதிக்கு மாதம் 50,000 யென் அளவுக்குத் துண்டு விழும், முப்பது ஆண்டுக்கு 2 கோடி யென் தேவை என்று எழுதிவைத்தது. 'ரோகொ நிஸென்மன் என் மொன்தாய்', முதுமைக்கால 2 கோடி யென் பிரச்சினை, என்று அதற்குப் பெயர். மதுக்கடையில் பக்கத்து மேசை ஆட்கள் நிஸென்மன் என்று பேசிக்கொண்டால் பேச்சு இதுதான்.

படி 7: ஜன்னலில் நின்று பேச

அலுவலகத்தில் நுழைந்ததும் சொல்ல ஒரே அச்சு போதும்: '... ஓ ஷிதாய் ன் தெசு கா'. தமிழில் 'விண்ணப்பிக்கணும், அதான்...' என்று பாதியில் விட்டு எதிராளியைப் பார்ப்போமே, அந்த இழுவையேதான் இது. கடைசி 'கா' அதிர்ந்து, 'தாகம்' என்பதில் வரும் க போல ஒலிக்கும். வறண்ட கா போட்டால் கேள்வியாகிவிடும். 'நென்கின் நொ தெத்ஸுஸுகி ஓ ஷிதாய் ன் தெசு கா', பென்ஷன் நடைமுறைகள் செய்யணும். கல்லூரி மாணவராக இருந்தால் 'ககுஸே நோஃபு தொகுரே' என்று கட்டுவதைத் தள்ளிப்போடும் ஒரு சலுகை உண்டு. 'ககுஸே நா நொதெ, நோஃபு தொகுரே ஓ ஷின்ஸே ஷிதாய் ன் தெசு கா' என்று கேளுங்கள். அந்த மாதங்கள் தகுதிக் கணக்கில் சேரும், தொகையில் சேராது, பத்து ஆண்டுக்குள் பின்கட்டினால் சேரும். எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தாது, பொருந்தாவிட்டால் மென்ஜொ கேட்கலாம்.

எதிரே இருப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது 'கிஸோ நென்கின் பங்கோ வா ஒவகாரி தெசு கா'. எண் தெரியுமா என்று. தாளை நீட்டி 'ஹாய், கொரே தெசு' என்றால் போதும்.

படி 8: ஊர் திரும்பும் முன் ஒரு சொல்

தத்தாய் இச்சிஜிகின். முதல் த 'தர்மம்' போல அதிர்ந்தது. ச்சி-யை அழுத்தாமல் லேசாகச் சொல்லுங்கள். விலகும்போது ஒரே தடவையாகத் தரும் பணம் என்று பொருள், மறுபடியும் அதே கின் குடும்பம். ஆறு மாதமாவது கட்டிய வெளிநாட்டவர் ஜப்பானில் குடியிருப்பை நீக்கிவிட்டுப் போன பின், இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். கூடுதல் காலம் கட்டியிருந்தாலும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கான கணக்கே கிடைக்கும். இதை எட்டு ஆண்டாக்க 2025 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. கோஸே நென்கின் பகுதியில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். ஜப்பானில் இருக்கும் நண்பர் ஒருவரைக் கிளம்பும் முன் 'நோஸே கன்ரினின்', வரிப் பிரதிநிதி, ஆக்கிவிட்டுப் போனால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

அவசரப்பட்டுக் கேட்டுவிட வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ரோரே நென்கினுக்குத் தேவைப்படும் குறைந்தபட்சக் காலம் முன்பு 25 ஆண்டு, 2017 ஆகஸ்டிலிருந்து பத்தே ஆண்டு. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் 'ஷகாய் ஹொஷோ க்யோதே' என்ற சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே கட்டிய காலத்தையும் அங்கே கட்டிய காலத்தையும் தகுதிக்காகக் கூட்டிப் பார்க்கலாம். ஆறு ஆண்டு ஜப்பான், ஐந்து ஆண்டு இந்தியா என்றால் பத்தைத் தாண்டியாகிவிட்டது. தத்தாய் இச்சிஜிகின் வாங்கிய மறுகணம் அந்த ஜப்பான் மாதங்கள் அழிந்துவிடும், கூட்ட எதுவும் இருக்காது.

ஆகவே கடைசி வாரத்தில் நிறுவனத்து ஆள் பாசத்தோடு 'தத்தாய் இச்சிஜிகின் வா தோ ஷிமாசு கா' என்று கேட்டால், மாதங்களை எண்ணி முடிக்கும் வரை சொல்ல ஒரு பதில்: 'மதா கங்கயேதெ இமாசு'. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதில் வரும் ங்க மட்டும் தங்கத்தில் வருவது போலவே அதிரலாம்.